இன்னொரு படி

நம் முன்னோர் எழுதிவைத்த ஏடுகள் இன்று நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம் பனையோலையின் வலிமையன்று. ஓலை எத்துணைப் பக்குவமாகப் பதப்படுத்தப்பட்டதாயினும், நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில தலைமுறைகளுக்கு மேல் நின்று பிடிப்பதில்லை. செல் அரிக்கும், இராமபாணம் துளைக்கும், ஓரம் ஒடியும். ஏடு சிதையுமுன் அதைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதிவைத்த, பெயர் தெரியாத பலரின் உழைப்பினாலேயே பழைய நூல்கள் தப்பின. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். எடுத்தால் ஓரம் உதிர்வதும், புரட்டினால் ஒடிவதுமாக ஏடுகள் இருந்த நிலையை அவர்கள் தம் பதிப்புரையில் மனம் நொந்து எடுத்துரைத்திருக்கிறார்கள். படி எடுக்கப்பட்டவை எஞ்சின. எடுக்கப்படாதவை பெயர் மாத்திரமாய் நின்றன.

1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கிருந்தவை ஏறக்குறைய 97,000 நூல்கள். அச்சிட்ட நூல்களிற் பெரும்பாலானவற்றை வேறிடங்களிலே தேடிப் பெறலாம். வேறெங்கும் படி இல்லாத சுவடிகளை எங்கே தேடுவது? 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் ஏற்றிவைக்கும் பணியைச் செய்து வருவது, ஓலையிலிருந்து ஓலைக்கு எழுதிய அதே பழைய தொழிலின் தொடர்ச்சிதான் என்று நாம் கருதுகிறோம்.

இவ்வளவு பெரிய செய்திகளைச் சொல்லிவிட்டு, வீட்டு மேசையிற் கிடக்கும் கணினியைப் பற்றியும், அதற்கு இலவசமாகத் தானே படி எடுக்கும் மென்பொருளைப் பற்றியும் பேசப் போகிறோம் என்றால், நேயர்களிற் சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். ஆயினும், தம் வீட்டுக் கணினியினுள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கணக்கெடுத்துப் பார்த்தபின் நகைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நாம் கணக்கெடுத்தோம். காணி உறுதிகளின் படங்கள். பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள். இளையவளின் உயர்தர வகுப்புக் குறிப்புகள். பல்கலைக்கழகத்திற் படிக்கும் மூத்தவன் பாதி எழுதி முடித்த ஆய்வுக் கட்டுரை. இவை ஒரு புறம். மறுபுறம் 1,200 வரையிலான பழைய புகைப்படங்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, சுவரிலே தொங்கிய படங்களைக் கழற்றிக்கொண்டு வந்தவர் எத்தனை பேர்? நம் வீட்டார் அரிசியும் உறுதியும் கொண்டு வந்தனர். படங்கள் சுவரிலேயே நின்றுவிட்டன. இன்று நம்மிடம் உள்ள பெற்றோரின் கலியாணப் படம், அக்காலத்திற் கோலாலம்பூரில் இருந்த பெரியதாயாருக்குத் தபாலில் அனுப்பப்பட்ட ஒரு படி. ஏனையவையும் அவ்வாறே, உறவினர் வீடுகளில் ஆங்காங்கே கிடந்த படிகளை வருடியெடுத்து அவர்கள் அனுப்பிவைத்தவை. தூரத்தில் இருந்தமையாலே பிழைத்த படங்கள் அவை.

எல்லாவற்றிலும் மேலாக, நம் தாயாரின் குரல் அதில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் இளையவள் தன் கைப்பேசியைப் பாட்டியாருக்கு முன்னே வைத்து, அவர் பேசியவற்றையெல்லாம் பதிவு செய்தாள். ஒடியற் கூழுக்கு என்னென்ன எந்த ஒழுங்கிற் போட வேண்டும் என்பது, ஊரிலே யாருக்கு யார் எந்த வழியிற் சொந்தம் என்பது, தாம் சிறுமியாய் இருந்தபோது கேட்ட தாலாட்டு ஒன்று, நடுநடுவே "உதை நிப்பாட்டு பிள்ளை, தேத்தண்ணி ஆறுது" என்ற அதட்டல். ஆக ஏழு மணி நேரம். தாயார் 2019இற் காலமானார். அந்தக் கைப்பேசியும் அதன்பின் பழுதாகி ஒழிந்தது. ஆகவே கணினியில் உள்ள அந்த ஏழு மணி நேரத்துக்கு உலகத்தில் வேறு மூலம் இல்லை. அளவைக் கேட்டால் வியப்பாயிருக்கும். சாதாரண ஒலிக்கோப்பாக ஒரு மணி நேரப் பேச்சுக்கு 60 மெகாபைற்று வரையிற்றான் செல்லும். அந்த ஏழு மணி நேரமும் ஒரு சினிமாப் படத்திற் பாதியளவு இடத்தைக்கூட அடைக்கமாட்டாது.

கணினி எவ்வாறு கெடும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பழைய வகை வன்தட்டினுள்ளே தட்டுகள் சுழல்கின்றன. சுழல்வது எதுவும் ஒருநாள் நிற்கும். புதிய வகையில் சுழல்வது ஒன்றுமில்லை. ஆனால் அது நிற்கும்போது பெரும்பாலும் முன்னறிவித்தல் இன்றியே நிற்கிறது, அதில் தவறுதலாக அழித்ததை மீட்டெடுப்பதும் அரிது. ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் நம் நாட்டிற் சாதனங்களின் இணைப்பைக் கழற்றாத வீடில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்ததும் நினைவிருக்கும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த சேட்டையால் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்ததென்று அமைச்சரே சொன்னார்; அந்தக் குரங்கின்மீது பழி சுமத்துவதா, மின்வலையின்மீது சுமத்துவதா என்ற வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த வெள்ளம் எத்தனையோ வீடுகளிற் புகுந்தது.

இயற்கையின் செயல் இவ்வாறிருக்க, மனிதரின் செயல் வேறு. கணினியிற் புகுந்து, உள்ளேயிருக்கும் கோப்புகளையெல்லாம் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் கொள்ளை ஒன்று இக்காலத்திற் பெருகியுள்ளது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வன்னாகிரை' என்ற இத்தகைய ஒன்று 150 நாடுகளுக்கு மேற் பரவியது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை இவ்வாறு தாக்கப்பட்டு, ஏறக்குறைய 5,000 மின்னஞ்சற் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தன. அந்த இடைக்காலத்துக்குரிய காப்புப்படி இல்லாமையால் அவற்றை மீட்க முடியவில்லை என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மூன்று மாதம் பத்து நாளில் எத்தனை கடிதம் எழுதியிருப்பார்களோ!

படி எடுப்பது நன்று என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. எவர் எடுப்பது என்பதே கேள்வி. நமது அயலிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒழுங்கு தவறாதவர். போயா தினந்தோறும் காலையில் நீராடி, கணினியில் உள்ளவற்றைப் பென் டிரைவ் ஒன்றிற் படி எடுப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். மகளின் பேறுகாலத்துக்காகக் கனடாவுக்குப் போனார்; ஆறு மாதம் தங்கினார்; திரும்பி வந்தபின் வழக்கம் விட்டுப்போயிற்று. அத்தகைய ஒழுங்குடையவர்க்கே இவ்வாறாயின் ஏனையோர் நிலை என்ன? மனிதனின் நினைவை நம்பி நிற்கும் காப்பு, மறதி வரும்வரையிற்றான் காப்பு. ஆதலால் நாம் வகுத்துக்கொண்ட முதல் நிபந்தனை, படி தானாகவே எடுக்கப்படல் வேண்டும் என்பது. இரண்டாவது, மாதந்தோறும் பணங் கட்டும் நிலை வரக்கூடாது என்பது. சம்பளத்தில் ஏற்கெனவே எத்தனையோ கைகள் இருக்கின்றன.

இரண்டாம் நிபந்தனையை மூத்தவன் எளிதாகவே எடுத்துக்கொண்டான். "அப்பா, உதுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை. இலவசமாய் எத்தினையோ இருக்கு" என்றான்.

"இலவசமெண்டு தந்திட்டுப் பிறகு காசு கேக்கமாட்டினமோ, தம்பி?" என்றார் நம் இல்லத்தரசி, அடுக்களையிலிருந்தபடியே.

கேள்வி நியாயமானது. இலவசம் என்பதிலும் சாதிகள் உண்டு. கணினியோடு கூடவே வருவது ஒரு வகை. அது நாம் முன்னரே விலை கொடுத்த பொருளின் ஒரு பகுதி. எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிக்கும் கட்டற்ற மென்பொருள் மற்றொரு வகை. கம்பனி ஒன்று தான் விற்கும் பொருளிற் சில அம்சங்களைக் குறைத்து, வீட்டுப் பாவனைக்கென்று சும்மா கொடுப்பது மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகை கம்பனியின் மனம் உள்ளவரை நிற்கும். 'மக்ரியம் ரிப்ளெக்ட்' என்ற நல்ல மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பல்லாண்டுகள் பலரும் பாராட்டி வந்தனர்; அதனை நிறுத்தப் போவதாகக் கம்பனி அறிவித்தது; 2024 தொடக்கத்தோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன. பழைய பத்திரிகைகளையும் குறிப்புகளையும் பார்த்து அதை இன்றும் தேடுவோர் உளர். கொடுத்தவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒன்றைத் தெரிவு செய்யுமுன், அது நாளை நின்றுவிட்டால் அதனுள்ளே நாம் வைத்த பண்டம் என்னவாகும் என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இளையவள் சொன்ன யோசனை வேறு. "கூகிளிலை போட்டுவிட்டால் போதுந்தானே அப்பா?" என்றாள். மாணாக்கர் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனராதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கூகிள் இலவசமாய்த் தருவது 15 கிகாபைற்று. மின்னஞ்சல், புகைப்படங்கள், கோப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். மைக்ரோசொவ்ற்றின் 'ஒன்டிரைவ்' தருவது 5. நம் வீட்டுச் சேமிப்போ 180. இடம் போதாமை ஒருபுறமிருக்க, இவை செய்யும் தொழிலே வேறு. இவை இங்குள்ளதையும் அங்குள்ளதையும் ஒரே நிலையில் வைத்திருக்கின்றன, ஒத்திசைத்தல் என்பர். இங்கே ஒரு கட்டுரையைத் திருத்தினால் அங்கேயும் திருந்தும்; நன்று. இங்கே அதை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக் கூடையில் 30 நாள் வரை கிடக்கும், அதன்பின் இல்லை. கண்ணாடியின் முன் நின்று தலையைச் சிரைத்தால் கண்ணாடியில் உள்ளவனுக்கு மாத்திரம் குடுமி மிஞ்சுமா? காப்புப்படி என்பது கண்ணாடியன்று. நேற்றும், சென்ற கிழமையும், சென்ற மாதமும் அந்தக் கோப்பு எவ்வாறு இருந்தது என்று தனித்தனியே காட்ட வல்லதாக இருத்தல் வேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் ஒரு மாணவி தன் குறிப்பைத் திறக்கிறாள்; பாதி அழிந்திருக்கிறது; மூன்று நாளுக்கு முன் ஏதோ தவறுதலாக அழுத்திச் சேமித்திருக்கிறாள். இன்றைய படி அவளுக்கு எவ்வகையிலும் உதவாது. நான்கு நாளுக்கு முந்திய படியே வேண்டும்.

அவ்வாறு நாள்தோறும் படி வைத்தால் இடம் எங்கே என்பர். முதன்முறை மாத்திரம் முழுவதும் எடுத்து, அதன்பின் மாறியவற்றை மட்டும் எடுப்பதே முறை. இவ்வகையிற் பெயர் பெற்ற கருவிகளுள் ஒன்று 'ஆர்சிங்க்'. 1996ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிஜெல், போல் மக்கராஸ் என்னும் இருவர் வெளியிட்டது. ஒரு பெரிய கோப்பில் ஒரு மூலை மாறியிருந்தால் அந்த மூலையை மாத்திரம் கண்டுபிடித்து அனுப்பும் உபாயம் அதில் உண்டு. லினக்ஸ் கணினி வைத்திருக்கும் மாணவர் இதனை நன்கறிவர். அவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே நமக்குச் சொல்வார்கள். மக் கணினி உடையோர்க்கும் கவலை இல்லை. 2007 முதல் அதனோடு கூடவே வரும் 'ரைம் மெஷின்' வெளித்தட்டு ஒன்றைச் செருகியவுடன் தானே கேட்டுத் தொடங்கும். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்திய காலத்துக்குக் கிழமைக்கொன்று என்று படிகளை வைத்து, இடம் நிறைந்ததும் மிகப் பழையவற்றை விலக்கும்.

நம்முடையது, பெரும்பாலான வீடுகளைப் போலவே, விண்டோஸ் கணினி. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொவ்ற்றின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றமையால் 11க்கு மாறியிருந்தோம். மூத்தவன் நான்கு மென்பொருள்களைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அவன் மனம் சென்றது 'டூப்ளிகாட்டி'யின் மேல். கட்டற்ற மென்பொருள், படிகளைச் சுருக்கி, கடவுச்சொல்லாற் பூட்டி, வெளித்தட்டுக்கோ தூரத்து முகிற் சேமிப்புக்கோ அனுப்பவல்லது. தட்டைத் திருடிச் சென்றவன் அதிலிருந்து ஓர் எழுத்தையும் வாசிக்க இயலாது. இவற்றையெல்லாம் அவன் ஆர்வத்தோடு விளக்கிக்கொண்டிருந்தபோது இல்லத்தரசி கை துடைத்தபடி வந்து அமர்ந்தார்.

"தம்பி, உந்தக் கடவுச்சொல் துலைஞ்சால்?"

"துலைஞ்சால் ஒண்டும் செய்யேலாது அம்மா. அதுதான் அதின்ரை பாதுகாப்பு."

"அப்ப நாளைக்கு நானும் அப்பாவும் இல்லாட்டில் உதை ஆர் திறக்கிறது?"

"நான் இருப்பன்தானே."

"நீ எந்த நாட்டிலை இருப்பியோ, ஆர் கண்டது" என்றார் அவர். மூத்தவன் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் அன்று வெகுநேரம் மென்பொருளைப் பற்றிப் பேச்சு நடக்கவில்லை.

ஆயினும் தெரிவு அந்தக் கேள்வியிலேதான் தீர்ந்தது என்று சொல்ல வேண்டும். திருடனிடமிருந்து காக்கும் பூட்டு, பேரப்பிள்ளையிடமிருந்தும் காத்துவிடக் கூடும். டூப்ளிகாட்டி நல்ல கருவி என்பதில் நமக்கு மறுப்பில்லை; ஆனால் அது எடுத்து வைக்கும் படிகள் துண்டு துண்டான பொதிகளாக இருக்கும்; அவற்றைத் திறக்க அந்த மென்பொருளோ அதற்கென்றுள்ள மீட்புக் கருவியோ வேண்டும். கந்தோர் ஒன்றுக்கு அது தகும். இருபது ஆண்டுக்குப் பின் ஒரு வெளித்தட்டைக் கையில் எடுத்து, இது என்ன என்று பார்க்கப்போகும் ஒரு பிள்ளைக்கு அது தகாது. பேத்திக்குப் பாட்டியின் குரல் கேட்க வேண்டுமானால், தட்டைச் செருகியதும் ஒலிக்கோப்பு ஒலிக்கோப்பாகவே கிடக்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று முன்னுக்கு வந்தது. விண்டோஸிலேயே 2012இல் வெளிவந்த 8ஆம் பதிப்பு முதல் இருந்துவரும் 'பைல் ஹிஸ்டரி' அது. 11ஆம் பதிப்பில் அதைச் சற்று ஒளித்து வைத்திருக்கிறார்கள். 'கொன்ட்ரோல் பனல்' என்னும் பழைய அறைக்குட் சென்றுதான் இயக்க வேண்டும். வெளித்தட்டு ஒன்றைக் காட்டிவிட்டால் மணிக்கொரு தடவை, மாறிய கோப்புகளைப் படி எடுக்கும். அந்தப் படிகள் சாதாரணக் கோப்புகளே. பெயரோடு திகதியும் நேரமும் ஒட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பைல் ஹிஸ்டரி இல்லாத கணினியிலும் அவற்றைத் திறக்கலாம்.

அதனிடம் குறைகளும் உள. ஆவணங்கள், படங்கள், இசை, மேசைத்தளம் முதலிய வழமையான இடங்களை மட்டுமே அது தானாக நோக்கும். 'டி' என்ற இரண்டாம் பிரிவிலே தனியாக ஒரு கோப்புறை செய்து அதில் எல்லாவற்றையும் போட்டு வைக்கும் பழக்கம் நம்மவரிற் பலருக்கு உண்டு. அதனை நூலகப் பட்டியலிற் சேர்த்தாலன்றி அது கண்டுகொள்ளாது. பழைய படிகளை என்றென்றும் வைத்திருப்பதே அதன் இயல்பான ஏற்பாடு. தட்டு ஒருநாள் நிரம்பும். இடம் தேவைப்படும்வரை வைத்திருக்குமாறு மாற்றிவிடுதல் நன்று. முக்கியமாக, கணினி முழுவதும் செத்துப்போனால் விண்டோஸையும் ஏனைய மென்பொருள்களையும் அது மீட்டுத் தராது. கோப்புகளை மட்டுமே தரும்.

'பிரீ பைல் சிங்க்' என்பதையும் பார்த்தோம். கோப்புறைகளை அருகருகே வைத்து வேறுபாட்டைக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. படிகளும் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும். ஆனால் தானியக்கமாக ஓடச் செய்வதற்கு வேறு சில ஏற்பாடுகளை நாமே செய்ய வேண்டும். மூத்தவனுக்கு விளையாட்டு, நமக்கு வேலை.

நான்காவது 'வீம்' என்ற கம்பனி விண்டோஸ் கணினிகளுக்கென இலவசமாகத் தரும் பதிப்பு. இது கணினி முழுவதையும் ஒரு வார்ப்பாக எடுத்து வைக்கும். வன்தட்டு செத்தால், புதியதொன்றைப் பூட்டி, முன்னரே செய்துவைத்த மீட்புத் தட்டிலிருந்து தொடங்கி, பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். நம் மனத்தைக் கவர்ந்தது இதிலுள்ள சிறியதோர் ஏற்பாடு: குறிப்பிட்ட வெளித்தட்டைச் செருகியவுடன் தானே படி எடுக்கத் தொடங்கி, முடிந்ததும் அந்தத் தட்டின் தொடர்பைத் தானே துண்டித்துக்கொள்ளும்படி செய்யலாம். முன்னே சொன்ன பூட்டுக் கொள்ளைக்காரன் கணினியோடு இணைந்திருக்கும் தட்டுகளையும் சேர்த்தே பூட்டுவான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். எப்போதும் செருகப்பட்டிருக்கும் படி, வாசற்படியில் வைத்த சாவி போன்றது.

முடிவில் நாம் இரண்டைக் கொண்டோம். நாளாந்தக் காப்புக்குப் பைல் ஹிஸ்டரி; மாதமொருமுறை முழுவார்ப்புக்கு வீம், அதற்கென்று தனித் தட்டு. வீமின் தட்டிலே ஒரு பக்கமாய், தாயாரின் குரலும் பழைய படங்களும் அடங்கிய கோப்புறையைச் சாதாரணமாகவும் படி எடுத்து வைத்தோம். வங்கிக் கணக்கு விவரங்களை இத்தட்டுகளுக்கு வரவிடவில்லை. பூட்டில்லாத பெட்டியில் வைக்கத் தக்கவை எவை, தகாதவை எவை என்று பிரித்தறிவது மென்பொருளின் வேலையன்று. மூத்தவன் தன் ஆய்வுக் கட்டுரைக்கு மட்டும் டூப்ளிகாட்டியை வைத்துக்கொண்டான். இளையோர்க்கும் ஒரு வெற்றி வேண்டுமன்றோ.

படி எடுத்தாயிற்று என்று பலர் அத்துடன் ஓய்ந்துவிடுகின்றனர். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பிக்ஸார் நிறுவனத்தார் 'டோய் ஸ்டோரி 2' என்ற சித்திரப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றினால் படத்தின் கோப்புகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாய் மறையத் தொடங்கின. காப்புப்படி இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அந்தப் படிகளும் சீராக இல்லை. எவரும் அவற்றை மீட்டெடுத்துப் பார்த்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த கலின் சுஸ்மன் என்னும் அம்மையாரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அதைப் போர்வையாற் சுற்றி மோட்டார் வண்டியின் பின்னாசனத்தில் வைத்து மெதுவாக ஓட்டிச் சென்று படத்தைக் காப்பாற்றினார்கள். குழந்தைகள் இன்றும் பார்த்து மகிழும் படம், ஒரு தாய் வீட்டிலிருந்து வேலை செய்ததனால் நமக்குக் கிடைத்தது.

ஆகவே நாமும் சோதித்தோம். ஒரு சனிக்கிழமை மாலை, மூத்தவன் தனது மடிக்கணினியைக் கொண்டுவந்தான். வெளித்தட்டை அதிற் செருகினான். எந்த மென்பொருளையும் தொடாமல் இளையவளே தேடி எடுக்கட்டும் என்று எழுந்து அப்பால் நின்றான். அவள் கோப்புறைகளினூடே போய், திகதி ஒட்டிய பெயர்களைக் கண்டு சிறிது மலைத்து, பின் ஒன்றை அழுத்தினாள். "முதல் மாவைக் கரைச்சு வைக்க வேணும், பிறகுதான் மற்றதெல்லாம்" என்று தாயாரின் குரல் வந்தது. நான்கு நிமிடம் ஓடி முடியும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அதன்பின் இல்லத்தரசி, ஒடியல் மா வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

படிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்னும் கணக்கை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் என்பவர் பிரபலப்படுத்தினார். வேற்றிடம் என்பதற்கு நாம் முகிலை நாடவில்லை. வவுனியாவிலே இல்லத்தரசியின் தங்கையார் வீடு இருக்கிறது. ஒரே அளவான வெளித்தட்டு இன்னுமொன்று வாங்கினோம். தைப்பொங்கலுக்கும் ஆடி அமாவாசைக்கும் நாம் அங்கே போவது வழக்கம். போகும்போது புதிய படியுள்ள தட்டைக் கொடுத்து, அங்கேயிருக்கும் பழையதை வாங்கி வருவதென்று ஏற்பாடு. ஆறு மாதப் பழையதாய் இருந்தாலும், இறந்தவர் குரலில் ஆறு மாதத்துக்குள் மாற்றம் வரப்போவதில்லை.

இம்முறை தட்டைப் பழைய பருத்தித் துணியிற் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, மேலே திகதி எழுதி அனுப்பினோம். சின்னம்மா தொலைபேசியில் அழைத்து, அது வந்து சேர்ந்ததென்றும், கூறைச் சேலை இருக்கும் அலுமாரித் தட்டில் வைத்திருப்பதாகவும் சொன்னார். அதனுள்ளே தமது சிறுவயதுப் படங்களும் இருக்கின்றனவா என்று கேட்டார். இருக்கின்றன என்றோம். அப்படியானால் தம் மருமகனைக் கொண்டு தமது கணினியிலும் ஒரு படி எடுத்து வைக்கட்டுமா என்றார்.